முன் பிரேக் வேற, பின் பிரேக் வேறங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை பைக் ரேஸ் கேம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். இத ஆடிப் பழகிட்டா நிஜ பைக் தானா கைக்கு வந்துரும்னு ஒரு வரி எழுதியிருக்காரு. அந்த வரி நெஞ்சுக்குள்ளயே நிக்குது, போக மாட்டேங்குது. பெரியவங்க நீங்க, பாத்துதான் அச்சுக்கு அனுப்பியிருப்பீங்க, அதுதான் வருத்தமே.

நான் வேலந்தாவளத்துல 19 வருசமா பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். கேம் ஆகாதவன்லாம் இல்ல, ராத்திரி கடை சாத்திட்டு ரைடு, மோட்டோஜிபின்னு ரெண்டு பைக் கேமும் ஆடுறவன்தான். அதுல ரெண்டு பிரேக்கும் ஒண்ணாப் புடிக்கிற செட்டிங் ஒண்ணு இருக்குங்க. அத அணைச்சாத்தான் முன்னாடி, பின்னாடி தனித்தனியா வரும். உங்க கட்டுரைல அதப்பத்தி ஒரு வார்த்த கூட இல்ல.

எங்க அக்கா பையன் அந்த செட்டிங்கப் போட்டுத்தான் ஆடுவான். போன மாசம் ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா டயர் சுத்தாம நின்னுராமப் பாத்துக்கறது) இல்லாத பழைய வண்டில வரும்போது குறுக்க நாய் ஓடியிருக்கு, கேம்ல அமுக்குற மாதிரி ரெண்டையும் ஒரே அமுக்கா அமுக்கிட்டான். பிரேக் புடிச்சா எடை பூரா முன்னாடி போயி பின் டயர் லேசாயிரும், அப்பப் போயி பின் பிரேக்க மிதிச்சா லாக் ஆகி வண்டி சைடுல வீசிரும். நான் போயி பாத்தப்ப தார் ரோட்டுல பின் டயர் தேச்ச கருப்புக் கோடு ஒரு ஆள் நீளத்துக்கு வளைஞ்சு கெடந்துச்சு. முட்டில சதை பேந்து கெடக்கு, "கேம்ல நிக்குதே மாமா"ங்கறான்.

வண்டி ஓட்டுறவனுக்கு கேம்ல கிராபிக்ஸ் ரெண்டாம்பட்சம்ங்க. முன் டயரத் தாங்குற ஃபோர்க் அமுங்குறது, டயர் சூடு ஏறுறதுக்கு முன்னாடி புடி கம்மியா இருக்கறது, வேகத்துல லெஃப்ட் போக லெஃப்ட் ஹேண்டில முன்னாடி தள்றது, இதெல்லாம் தெரியணும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சைடுல அடிச்சா இடுப்பு தானா சாயும், அது எந்த கன்ட்ரோலர்லயும் எனக்கு வந்ததில்ல. விழுந்தா கேம் மாதிரி ஒரு பட்டன அமுக்கி விழறதுக்கு முந்தின எடத்துக்குப் போயிக்கவும் ரோட்டுல முடியாது.

2023 செப்டம்பர்ல கிரேட்டர் நொய்டா புத் டிராக்ல நிஜ மோட்டோஜிபி பைக் ரேஸ் இந்தியாவுல மொதத் தடவையா நடந்துச்சு, அதுக்கு நீங்க குடுத்தது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. இங்கயே கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, வேலிக்கு வெளிய நின்னு பசங்க முட்டி தரைல ஒரசப் போறதப் பாத்துருக்கேன், அதப்பத்தி எழுதச் சொல்லி அப்பவே கடிதம் போட்டேன், பதிலே இல்ல. கார் கேமுக்கு மட்டும் மாசா மாசம் அரைப் பக்கம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் ரெண்டு வரி திருத்தம் போடுங்க, பிரேக்கத் தனித்தனியா வச்சு ஆடுங்க, கேம நம்பி ரோட்டுல எறங்காதீங்கன்னு. எங்க பையன் அந்தக் கட்டுரைய வெட்டி செவுத்துல ஒட்டி வச்சிருக்கான், திருத்தம் வந்தா அதையும் பக்கத்துல ஒட்டணும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன், வேலந்தாவளம்