சின்னவளின் புது வேலை பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்திருப்பதைப் படித்ததும் உடனே போனில் கூப்பிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்புப் பயிற்சி என்று நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பழைய கதைக்குத் தாவிவிடுவோம். நம் லட்சணம்தான் எனக்குத் தெரியுமே. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு அரங்கில் உட்கார வைத்து வீடியோ போட்டார்கள், தீயணைப்பான் பற்றிப் பேசினார்கள், கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், “இதுதான் பாதுகாப்புப் பயிற்சியா” என்று அவள் சிரிக்கிறாள் என எழுதியிருந்தாய். சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த வகுப்பே வேண்டாத ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். தீ மணி அடித்தால் எந்த வழியாக இறங்குவது, வெளியே எங்கே கூடி நிற்பது, எந்த எண்ணுக்குப் பேசுவது, அடிபட்டால் யாரிடம் எழுதிக் கொடுப்பது இதெல்லாம் துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் பொது. ஒரே இடத்தில் வைத்துச் சொல்வதுதான் வசதி. அந்தக் கையெழுத்தோடு பயிற்சி முடிந்துவிட்டது என்று பல துறைகள் நினைத்துக்கொள்கின்றன பார், வில்லங்கம் அங்கேதான். இன்னொரு பாதி அவளுடைய மேசைக்குப் பக்கத்தில், அதே வேலையைச் செய்து பழகியவர் வாயிலிருந்து வர வேண்டும். அது வரவில்லை என்றால் முதல் பாதியால் பெரிய பிரயோஜனம் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் வகுப்பறையும் நூலகமும்தான். உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்பது எங்களைப் போலப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். லேத் ஓடும் பட்டறை, எலி வளர்க்கும் கூடம், கொதிகலன் அறை, அமிலப் புட்டிகள் அடுக்கிய ஸ்டோர், லேசர் அறை எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலையில் என்ன ஆபத்து என்று ஓரளவு வரையறுத்துவிடலாம். இங்கே கதவுக்குக் கதவு மாறும். ஒரே கதவுக்குப் பின்னால்கூட, புது ஆராய்ச்சித் திட்டம் வந்தால் அடுத்த வருஷம் வேறாகிவிடும்.

துப்புரவு வேலைக்கு வருகிறவரையே எடுத்துக்கொள். அவருக்குத் தீயணைப்பான் வகுப்பை விட முக்கியமானவை சில உண்டு. குளோரின் பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் மூச்சை அடைக்கும் நச்சு வாயுதான். ஆய்வகக் குப்பைக்கூடைக்குள் கையை விட்டு அமுக்கக் கூடாது, ஊசி கிடக்கலாம். தரையில் ஏதாவது சிந்தியிருந்தால் என்ன என்று தெரியாமல் துடைக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் மொழியில், அவர் கையில் இருக்கும் புட்டியைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். விலங்குக்கூடத்தில் சேருகிறவருக்கு எலி கடிக்கும் என்று தெரியும். எலியின் சிறுநீரிலும் உதிரும் தோலிலும் உள்ள புரதத்தால் ஒவ்வாமை வந்து, அது ஆஸ்துமாவாக முற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. தும்மலைச் சளி என்று நினைத்தே காலத்தை ஓட்டுவார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சுழல் நாற்காலி மேல் ஏறி ஃபைல் எடுக்காதீர்கள் என்று சொன்னால் போதும், கேட்கத்தான் மாட்டார்கள்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களை நான் அவர்கள் வேலை செய்யப்போகும் மேசைக்கே கூட்டிப்போய், “கண்ணை மூடிக்கொள், இங்கிருந்து கண்கழுவிக்குப் போ” என்பேன். கண்கழுவி என்பது கண்ணில் தண்ணீர் பீச்சும் அவசரக் குழாய். கண்ணில் அமிலம் தெறித்தவனுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இப்படித்தான் பழக வேண்டும். பத்து வினாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. சமீபத்தில் ஒரு பையன் நன்றாகத்தான் போனான். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே போய், திருப்பத்தில் சரியாகத் திரும்பி, கடைசியில் பிரிண்டர் காகிதப் பெட்டிகள் மேல் முட்டி நின்றான். கண்கழுவிக்கு முன்னால் யாரோ அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டிகளை நகர்த்திவிட்டுப் பிடியை அழுத்தினால், முதலில் துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் வந்தது. வாரம் ஒருமுறை திறந்து விட வேண்டும் என்று பக்கத்திலேயே அட்டை தொங்குகிறது, தேதிக் கட்டங்கள் காலி. அங்கேயே வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். புதியவனுக்கு நடந்த பயிற்சி அன்று பழையவர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டது.

புதிதாகச் சேருகிறவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்று கேட்டாய். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். 23 வயதுப் பெண், ஆராய்ச்சி உதவியாளராக அக்டோபரில் சேர்ந்தவர். டிசம்பர் 29 அன்று ஊசிக்குழாயில் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவம் அது. குழாயின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை, ஸ்வெட்டர் எரிந்தது. ஆய்வகத்தில் அவசர ஷவர் இருந்தது, அதன் கீழே அவரைக் கொண்டுபோய் யாரும் நிறுத்தவில்லை. ஜனவரி 16 அன்று இறந்துபோனார். பிறகு நிர்வாகத்தின் மீதும் பேராசிரியர் மீதும் குற்றவியல் வழக்கே போடப்பட்டது. பொது வகுப்பில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட திரவத்தை எப்படி எடுப்பது என்பது வந்துவிடாது. எந்த அளவு ஊசிக்குழாய், எவ்வளவு வரை இழுக்கலாம், எதை உடுத்தக் கூடாது என்று ஒருவர் பக்கத்தில் நின்று செய்து காட்டி, பிறகு இவர் செய்வதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அனுபவம் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தின் ஓரிரு சொட்டு அவர் கையுறை மேல் விழுந்தது. நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடில்தான் வேலை செய்தார், கையுறையும் போட்டிருந்தார், அன்றைய விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அது லேடெக்ஸ் கையுறை. அந்தத் திரவம் அதைச் சில வினாடியிலேயே ஊடுருவிவிடும் என்பது பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அறிகுறிகள் தெரியவே மாதங்கள் ஆயின, 1997 ஜூனில் காலமானார். எந்தக் கையுறை எந்த ரசாயனத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளர்களே அட்டவணை தருகிறார்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் மெல்லிய நைட்ரைல் கையுறைப் பெட்டி ஒன்றுதான் இருக்கும், எல்லாவற்றுக்கும் அதுவே. சின்னவளிடம் இதைக் குறிப்பாகச் சொல். அப்புறம், கையுறையோடு கதவுப் பிடியையும் போனையும் தொடுகிற பழக்கம் வேண்டாம். பார்ப்பதற்குச் சின்ன விஷயம், எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல் வரும்.

ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு எதற்கு இதெல்லாம் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து, 1985க்குப் பிறகு யாரும் தொடாத ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய சாமானாகப் போனது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் அதை உடைத்தார்கள். பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். ஏலப் பட்டியல் போடுகிறவருக்கு மூன்று இதழ் கொண்ட அந்தக் கதிர்வீச்சுக் குறி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பொருளை யார் ஒப்புதல் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதும்தான். அவருடைய வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி அதுதான்.

இனி சின்னவள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அவள் கை படப்போகும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும், எஸ்.டி.எஸ். என்பார்கள். பதினாறு பகுதி கொண்டது. முழுவதும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான்காவது பகுதியில் முதலுதவி, எட்டாவதில் எதை அணிய வேண்டும் என்பது, பத்தாவதில் எதோடு சேரக் கூடாது என்பது. இந்த மூன்றையும் படித்துவிட்டுத்தான் புட்டியைத் திறக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் சுவரோடு செயின் போட்டுக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். மூடி இல்லாமல் அதை யாராவது உருட்டிக்கொண்டு வந்தால் தள்ளி நிற்கட்டும். திரவ நைட்ரஜன் இருந்தால், ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும், சின்ன அறையில் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். அந்தப் பாத்திரத்தோடு லிஃப்டில் கூடவே ஏறிப் போகக் கூடாது. பாத்திரம் தனியாகப் போக வேண்டும், ஆள் படியில் போய் மேலே எடுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி தனியாக எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும். 2011இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்த மாணவி ஒருத்தி, முடி சிக்கி இறந்துபோனாள்.

இதையெல்லாம் விட கஷ்டமானது, “எனக்கு இது தெரியாது, ஒருமுறை காட்டுங்கள்” என்று வாய் திறந்து சொல்வது. சேர்ந்த புதிதில் யாருக்கும் அது வராது. தெரியாது என்றால் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். உன் மகளுக்கு அந்தத் தயக்கம் அதிகம் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் நல்ல ஆய்வகத்தை அடையாளம் காண்பதே இதை வைத்துத்தான். புதிதாக வந்தவள் ஒரு வேலையை நிறுத்தி “இது சரியா” என்று கேட்டால், மூத்தவர் முகம் சுளிக்கிறாரா, எழுந்து வந்து பார்க்கிறாரா? முகம் சுளிக்கிற இடத்தில் எத்தனை அட்டை ஒட்டியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. அந்த மாதிரி இடம் என்று தெரிந்தால், பாதுகாப்புப் பிரிவுக்கு நேராக எழுதலாம் என்று அவளிடம் சொல்லி வை. கையெழுத்துத் தாளைப் பற்றியும் ஒன்று: செய்து காட்டாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். “இன்னும் காட்டவில்லை” என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் யாரும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். ஒருவேளை அதற்குப் பிறகாவது காட்டுவார்கள்.

என் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் துறையில் இப்போது வேலைவாரியாகத் தனித்தனிப் பட்டியல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என்று. எழுதுவது என்னவோ நான்தான், ஆனால் ஒவ்வொன்றையும் அந்த வேலை செய்கிறவரிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதுகிறேன். பிளம்பர் ஒருவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை: ஆய்வகக் கட்டடத்தில் தொட்டிக் குழாயைக் கழற்றும் முன் மாடியில் யாரும் எதையும் ஊற்றவில்லை என்று ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் கழற்றுவாராம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, படி ஏறும்போது மட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டு எழுது. அவள் ஆய்வகத்தில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கிறதா? நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலிக்காது. வலி தெரியும்போது உள்ளே எலும்பு வரை போயிருக்கும். இருக்கிறது என்றால், அதற்கு முதலுதவியாகத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று அவளையே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல். பதில் வந்ததும் நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்