பயனற்றுப் போன மடக்கு கேன்கள் நான்கு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்: ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: 20 லிட்டர் மடக்கு தண்ணீர் கேன்கள் நான்கும் பயனற்றுப் போனது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டுக்கும் ‘உங்கள் கருத்தை மதிக்கிறோம்’ என்று இயந்திரம் பதில் எழுதியது. பதினொரு தொலைபேசி அழைப்புகள், நான்கு புகார் எண்கள், திருநெல்வேலிக்கு ஒரு வீண் பயணம் ஆகிய அனைத்தும் முடிந்த பிறகு, கையெழுத்திட்ட தாளுக்காவது ஒரு மனிதர் பதில் சொல்வார் என்ற நம்பிக்கையில் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எந்தக் கேன் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அந்த நீல மூடியும் முன்பக்க வெள்ளைக் குழாயும் உள்ளதுதான்; நீங்கள் செய்து விற்பதை நீங்கள் அறிவீர்கள். விளம்பரத்தில் ஒரு சிறுமி கூடாரத்தின் முன் அமர்ந்து அதிலிருந்து தம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறாள். அந்தச் சிறுமியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாங்கியவன் அல்ல. கோடை விடுமுறையில் என் பேரப்பிள்ளைகளையும் எங்கள் தெருப் பிள்ளைகளையும் கூடாரம் அடித்துத் தங்க அழைத்துச் செல்வது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கம். கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டம் என்றால் தண்ணீருக்குக் கவலை இருக்காது. இந்த மே மாதம் நாங்கள் சென்றது ஆரல்வாய்மொழிக்கு அப்பால், முப்பந்தலை அடுத்துள்ள ஒரு நண்பரின் பனைவிளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு. ஒரே மாவட்டம்தான் என்றாலும், மேற்கே ரப்பர் மரங்களின்மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட, கணவாய்க் காற்று வீசும் இந்தக் கிழக்கு மூலையில் புழுதி பறக்கும். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டது சும்மா அல்ல. விளையிலிருந்த கிணறு வற்றிவிட்டது என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், 14 பேர், ஒன்றரை நாள் என்று கணக்கிட்டு, 84 லிட்டர் வேண்டும் என முடிவு செய்தேன்.

எதில் கொண்டுபோவது என்பதைத்தான் ஒரு வாரம் யோசித்தேன். கடைகளில் கிடைக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு ஸ்டாண்டு வேண்டும்; அது இல்லாமல் சாய்த்து ஊற்றினால் கால்வாசி தரைக்குப் போகும். எண்ணெய் இருந்த பழைய கேனை எத்தனை முறை கழுவினாலும் சிக்கு வாடை போகாது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் போட்ட தடித்த பாலிஎத்திலீன் கேன்தான் நம்பகமானது. ஆனால் தண்ணீர் தீர்ந்த பிறகும் அது அதே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், எங்கள் வேனிலோ கால் வைக்கவே இடமில்லை. “பத்து லிட்டர் கேனா எட்டு வாங்குங்கோ, ஒண்ணு போனாலும் மிச்சம் இருக்கும், இருபது கிலோவ இந்தப் பிள்ளைகளா தூக்கும்?” என்று என் மனைவி கேட்டார். அவர் சொன்னதே சரி. காலியானதும் தட்டுப்போல மடித்து வைக்கலாம் என்ற உங்கள் விளம்பரத்தைப் படித்துவிட்டு நான்தான் கேட்கவில்லை. வீட்டில் இன்றுவரை கேட்கும் பேச்சையும் உங்கள் கணக்கிலேயே எழுதுகிறேன்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன் ஓட்டுநர் வழக்கம்போல வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார். திரும்பி வந்தவர், வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு, ரேடியேட்டர் போயிற்று என்று பதறி முன்பக்கத்தைத் திறந்தார். தண்ணீர் வந்தது பின்கதவு வழியாக. அரிசிப் பையும் போர்வைக் கட்டுகளும் ஊறிக் கிடந்தன. இரண்டு கேன்கள் குழாயின் கழுத்தில் ஒழுகின. மூன்றாவது மூலையில் கசிந்தது. நான்காவது ஒழுகவில்லை, ஆனால் அதிலிருந்த தண்ணீர் புது ரெயின்கோட் வாடை அடித்ததால் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். சமையலுக்கு வந்த அம்மா கொண்டுவந்த, வாயைத் துணியால் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் குடங்களிலும் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இவ்வளவையும் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னபோது, மறுமுனையில் இருந்த இளைஞர் என்ன சொன்னார் தெரியுமா? “ஒழுகுதுன்னா கீழ ஒரு பக்கெட் வையுங்க சார்.” இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நான் காத்திருந்தேன். “வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?” என்றார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். என் எதிரில் எந்த மாணவனும் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. உரையாடல் பதிவு செய்யப்படுவதாக நீங்களே அறிவிக்கிறீர்கள் அல்லவா? ஜூன் இரண்டாம் வாரத்து என் அழைப்புகளை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாத்திரத்துக்குக் கீழே இன்னொரு பாத்திரம் வைப்பதென்றால், அந்தப் பக்கெட்டிலேயே நான் கொண்டுபோயிருக்க மாட்டேனா?

அடுத்த அழைப்பிலும் அதே குரல்தான். வாடையைப் பற்றிக் கேட்டதற்கு, “அது குடிதண்ணிக்குன்னு நாங்க எங்கயும் போடலியே சார், பொதுப் பயன்பாட்டுக்குத்தான்” என்றார். அப்படியானால் அந்தச் சிறுமி தம்ளரில் பிடித்துக் குடிப்பது என்ன? உணவுத் தரம் என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உணவும் குடிநீரும் படும் பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. உங்கள் கேனின் அடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தர எண்ணும் இல்லை, முக்கோணத்துக்குள் எண்ணும் இல்லை. அது என்ன பிளாஸ்டிக் என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

திருநெல்வேலிப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. நான்கு கேன்களையும் நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவார்கள் என்று உங்கள் ஊழியை ஒருவர் முகவரி கொடுத்தார். அவர் மரியாதையாகவே பேசினார், அதில் எனக்குக் குறையில்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம், அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் திருநெல்வேலி, பின் ஆட்டோ என்று, முழங்கால் வலியோடு கேன்களைச் சாக்கில் கட்டிச் சுமந்து சென்றேன். போகும் வழியில் அதே முப்பந்தல். கேன்களுக்கும் எனக்கும் நல்ல நினைவூட்டல். அந்த முகவரியில் இருந்தது ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை. உங்கள் நிறுவனத்தோடு இருந்த தொடர்பு போன வருடமே முடிந்துவிட்டது என்றார் கடைக்காரர். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் நான் மூன்றாவது ஆள் என்றும் சொன்னார். பாவம், அவரே காசு கொடுத்து எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். உங்கள் நிறுவனத்தின் பெயரால் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே நிவாரணம் அந்த டீதான். ஊர் திரும்பும்போது பேருந்திலேயே ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.’

குறை என்னுடையது என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் கேன்களைப் பற்றி இன்னும் சிறிது எழுதுகிறேன். வாங்கியவுடன் நான்கையும் மொட்டைமாடியில் ஓர் இரவு முழுவதும் நிரப்பி வைத்துப் பார்த்தேன், அன்று ஒழுகவில்லை. மடித்து வைத்து, விரித்து, மீண்டும் மடித்து, மூன்றாவது முறை விரித்தபோதுதான் இந்த வினை. மூன்று மடிப்புகள் ஒன்றுகூடும் மூலையில் பிளாஸ்டிக் வெளுத்து மயிரிழைபோல வெடித்திருக்கிறது. சன்னலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிகிறது. “அதிகம் மடிச்சிருப்பீங்க” என்றார் அதே தம்பி. மடக்கு கேனை மடக்கக் கூடாது என்றால் அதற்கு வேறு பெயர் வைத்து விற்கலாமே.

குழாயின் கதை இன்னும் மோசம். அதற்கும் கேனின் கழுத்துக்கும் நடுவில் நீங்கள் வைத்திருக்கும் வாஷர் ரப்பரே இல்லை. நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிரும் ஏதோ வெள்ளைப் பஞ்சுத் தகடு. நிற்கும் தண்ணீரை அது ஒருவாறு தாங்கும். ஓடும் வண்டியில் 20 கிலோ தண்ணீர் முன்னும் பின்னும் அலைமோதி இடிக்கும்போது தாங்காது. எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை வட்டமாக வெட்டி ஒரு கேனுக்கு மாட்டித் தந்தார். அது அன்றிலிருந்து ஒழுகவில்லை. டியூப் ரப்பர் பட்ட தண்ணீரைக் குடிக்க முடியாது என்பதால் செடிகளுக்கு ஊற்றுகிறேன். இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். தெளிவில்லை, வீடியோ வேண்டும் என்றீர்கள். வீடியோ அனுப்பினேன், அளவு பெரிது என்றீர்கள்.

பனைவிளையில் தங்கிய அன்று இரவு ஒன்பது மணிக்கு ஓட்டுநரை ஆரல்வாய்மொழிக்கு அனுப்பி, அடைக்கவிருந்த கடையில் இருந்த பாட்டில்களை எல்லாம் வாங்கி வரச் செய்தோம். அவர் வரும்வரை குடத்துத் தண்ணீரை அளந்து கொடுத்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் தம்ளரை நீட்டி, “சார், இன்னும் ஒரு மடக்கு குடிச்சுக்கிடட்டா?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு உங்கள் நிறுவனம் முழுவதையும் விற்றாலும் ஈடாகாது. மறுநாள் காலையிலேயே கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு திரும்பினோம். இனிமேல் எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை என்னை நம்பி அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே, கேன்களின் விலை ரூ. 3,560, கூடுதல் வேன் வாடகை, வாங்கிய தண்ணீர், நனைந்த அரிசி, திருநெல்வேலிப் பயணம் ஆகியவற்றுக்காக ரூ. 2,840, மன உளைச்சலுக்காக ரூ. 25,000 என மொத்தம் ரூ. 31,400-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏழு நாள் திருப்பும் காலம் முடிந்துவிட்டது என்ற பழைய பதிலை மீண்டும் அனுப்ப வேண்டாம். உற்பத்திக் குறைபாட்டுக்கு 6 மாத உத்தரவாதம் என்று பெட்டியின்மேல் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக (இணையவழி விற்பனை) விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது குறைதீர்ப்பு அலுவலரின் கடமை. அந்த ஒரு மாதம் எப்போதோ கடந்துவிட்டது.

சண்டை போடுவது என் இயல்பல்ல. நல்லபடியாக முடித்துவிட்டால், உங்கள் குழாய்க்கு எந்த அளவு வாஷர் சரியாக இருக்கும் என்பதைக்கூட அளந்து எழுதி அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனக்கு நாகர்கோவில் ஒரு பேருந்து தூரம். ஓய்வு பெற்றவனிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் வழக்கறிஞர் எங்கிருந்து வர வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்து சேர்ந்ததும் கேன்களை எடுத்துச் செல்ல ஆள் அனுப்பலாம். பின்கட்டில் மடிக்காமல் வைத்திருக்கிறேன். விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, பேருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களும், உதிர்ந்த வாஷரில் ஒரு துண்டும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை.

பின்குறிப்பு: தொலைபேசியில் பேசுவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கவும். பக்கெட் வைக்கச் சொன்ன தம்பியைக் கொண்டு மட்டும் தயவுசெய்து அழைக்க வேண்டாம்.