எண்ணை எழுதியவளா கொலைகாரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் சேண்ட்ஃபால் ஸ்டூடியோ 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'எக்ஸ்பெடிஷன் 33' வீடியோ கேம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். "ஓவியக்காரி ஆண்டுதோறும் ஒரு எண்ணை எழுதி அந்த வயதுக்காரர்களைக் கொல்கிறாள்; மற்றபடி அந்த உலகத்துக்கு விதிமுறை என்று ஒன்றுமில்லை" என்கிறார் கட்டுரையாளர். பாதியிலேயே எழுந்துவிட்டார் போலிருக்கிறது. (இன்னும் ஆடி முடிக்காதவர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

லூமியேர் நகரத்து மக்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். 100-இல் தொடங்கிய எண் 33-க்கு இறங்கிவிட்டது; அவளைக் கொல்லக் குழு குழுவாகக் கப்பலேறுகிறார்கள். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றினால், புயலைக் கூண்டா கொண்டுவருகிறது? ஓவியக்காரி அலீன் எழுதுவதும் அப்படிப்பட்ட எச்சரிக்கைதான்: இந்த வயதுக்காரர்களை இனி என்னால் காப்பாற்ற முடியாது. அழிப்பவன் அவள் கணவன் ரெனுவார். அந்த உலகமே அவர்களின் இறந்த மகன் வரைந்த ஓவியம்; அதற்குள்ளேயே அடைந்து கிடப்பவளை வெளியே இழுக்கப் பார்க்கிறான். அந்த அழிவுக்குப் பெயரே 'கோமாஜ்'. பிரெஞ்சில் 'கோம்' என்றால் அழிக்கிற ரப்பர். வரைகிறவளுக்கு ரப்பர் எதற்கு என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

விதிமுறை இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோமாஜில் போகிறவர்கள் பூவிதழாக உதிர்ந்துவிடுகிறார்கள். நெவ்ரான் என்ற பிராணிகளிடம் செத்தவர்களோ கல் மாதிரி அப்படியே கிடக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன், "அத்தை, இவங்க மட்டும் ஏன் உதிரல?" என்றான். கிராஃபிக்ஸ்காரர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லி வைத்தேன். விடை வெகுநேரம் கழித்து வந்தது. அங்கே உயிரும் வண்ணமும் ஒன்று, பெயர் க்ரோமா. செத்தவர்களின் க்ரோமா அலீனிடம் திரும்பக் கூடாது என்றே அவள் மகள் க்ளேயா நெவ்ரான்களை வரைந்தாள். அவற்றிடம் செத்தவர்களின் வண்ணம் உடலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது.

அப்படியானால், கரையில் விறைத்துக் கிடக்கும் ஒவ்வொரு குழுவும் ஊரைக் காத்தவளின் பலத்தைத்தான் குறைத்திருக்கிறது. இது என் கணக்கு. கடைசியில் அவளை வென்றதும் ஊரே உதிர்கிறதே, அந்தக் காட்சியைக் கட்டுரையாளர் பார்த்தாரா?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 'கொல்கிறாள்' என்ற சொல்லுக்கு மட்டுமாவது.

தங்கள் வாசகி,
கடலூர் முதுநகர்