தோழி அழுதால் என்ன செய்வாய்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கேள்விகளைத் தயாரித்துவிட்டால், பிள்ளைகளின் பரிவையும் பழகும் திறனையும் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு கலக்காமல் அளந்துவிடலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. 31 வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். அந்த 'விருப்பு வெறுப்பு' இரண்டு நாளாக மனசை அறுக்கிறது.

என் பேத்தி ஐந்தாம் வகுப்பு, தனியார் பள்ளி. போன மாதம் டேப்லெட்டில் இப்படியொரு தேர்வு வைத்தார்கள். கேள்விகள் ஏஐ தயாரித்தவை என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்களாம். தோழி அழுதால் என்ன செய்வாய்? ஆறுதல் சொல்வேன், டீச்சரிடம் சொல்வேன், சிரிக்க வைப்பேன், ஒன்றும் செய்ய மாட்டேன். இவள் கடைசியைத் தொட்டுவிட்டாள். 'பரிவு: மேம்பட வேண்டும்' என்று அறிக்கை வந்தது. ஏம்மா என்று கேட்டேன். "அழும்போது பேசினா அவளுக்குப் பிடிக்காது பாட்டி. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அது அதுல இல்ல" என்றாள்.

பிள்ளை மனசுக்குக் கட்டம் போடுவது புதிதல்ல. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, வாழ்க்கைத் திறன்களுக்கும் கிரேடு போட்டோம். 48 பிள்ளைகள், ராத்திரி பதினொரு மணி, பதிவேடு நாளைக்கே வேண்டும். அப்பா செத்து மூன்று வாரம் வாய் திறக்காத பையனுக்கு, பழகும் திறனில் குறைந்த கிரேடு போட்டது இந்தக் கைதான். இன்றும் உறுத்துகிறது. அப்புறம் மாணவர் விவரங்களை இணையத்தில் பதிய வேண்டிய எமிஸ் வந்தது. பிள்ளை முகம் பார்க்கும் நேரமும் போனது. அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்தக் கட்டுரையும் எழுதவில்லை.

கட்டுரையாளர் சான்று காட்டும் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூட, மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரிடமும் கேள்வி கேட்டு, அதை வைத்து ஏஐ மென்பொருள் வளர்ச்சியைக் கவனிக்கலாம் என்றுதான் சொல்கிறது. பேத்தியின் வகுப்பாசிரியையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பள்ளிகளில் உணர்ச்சியை முகம், குரல் வைத்துக் கணிக்கும் ஏஐயை, மருத்துவ, பாதுகாப்புத் தேவை தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. கேள்வித்தாளுக்கு அந்தத் தடை பொருந்தாது, சரி. அந்தத் தயக்கத்தையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். தங்களுக்குத் தெரியாததல்ல.

கட்டுரையின் அடுத்த பகுதியில், கட்டுரையாளர் சொல்லும் ஏஐ கேள்விகளில் ஐந்தையாவது அப்படியே அச்சிடுங்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளிடம் முதலில் கேட்டுப் பார்த்தார்கள் என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி