பழைய ஹெட் ஸ்டட்டைத் தூக்கி எறியும் முன்

பழைய புல்லட், எஸ்டி, ஜாவா பைக் இன்ஜின்களை இறக்கிக் கோர்க்கும் மெக்கானிக் அண்ணன்மாருக்கு,

வணக்கம். இப்போதெல்லாம் எந்தப் பட்டறையில் நின்றாலும் ஒரே பேச்சு: "ஹெட்டைக் கழட்டினா ஸ்டட், போல்ட் எல்லாம் புதுசுதான் போடணும்." ஸ்டட் என்றால் இன்ஜினின் மூடியான ஹெட்டை நட்டு போட்டு இறுக்கிப் பிடிக்கும் மரை வெட்டிய கம்பி. கார் வேலை பழகிய தம்பிகள்தான் இப்படி அதிகம் சொல்கிறார்கள். காருக்கு அது சரி. இன்றைய கார்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டை ஒரு அளவு வரை முறுக்கி, பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று திருப்பச் சொல்லியிருப்பார்கள். அந்த போல்ட் வேண்டுமென்றே மீள முடியாத அளவுக்கு இழுக்கப்படுகிறது. அதைத் திரும்பப் போடக் கூடாது, பேச்சே இல்லை.

திருவொற்றியூரில் ஐம்பதுகளில் பிறந்த இரும்பு பேரல் (சிலிண்டர்) புல்லட்டுக்கு அந்தக் கணக்கு எதற்கு? அதன் ஸ்டட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். முறுக்கும்போது கொஞ்சம் நீளும், நட்டைத் தளர்த்தினால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். யாரும் சக்திக்கு மீறி முறுக்காமல் இருந்திருந்தால், துரு தின்னாமல் இருந்தால், இன்னும் பல முறை உழைக்கும்.

என் கவலை பழைய ஸ்டட்டைப் பற்றியதல்ல, அதன் இடத்துக்கு வருவதைப் பற்றியது. முனையில் எந்தத் தர எண்ணும் இல்லாத, லேத்தில் கடைந்த சரக்கு, அல்லது பளபளக்கும் ஸ்டெயின்லெஸ். 8.8 என்ற தர எண் பொறித்த எஃகு போல்ட் சுமார் 640 மெகாபாஸ்கல் இழுவை வரை தாங்கிய பிறகுதான் நிரந்தரமாக நீளும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் 450-லேயே நீண்டுவிடும். போதாக்குறைக்கு, ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் மரையும் உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு அழகுதான், ஹெட்டைப் பிடிக்க அல்ல. குரோம் பூசி மினுக்குவதும் அப்படித்தான்: முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும், பூசியதும் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால் வலுவான எஃகு ஒரு நாள் சொல்லாமல் முறியும்.

இன்னொன்று, 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு எட்டு எம்எம் மாதிரியே இருக்கும். ஆனால் பி.எஸ்.எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று, சாதாரண எட்டு எம்எம்மில் 20 சொச்சம். முதல் இரண்டு சுற்று போகும், பிறகு ஸ்பேனர் போட்டு "ஏத்திடலாம்" என்பீர்கள். ஏறுவது நட்டு அல்ல, நாசம்.

எதை வைத்துத் தீர்மானிப்பது என்றால், கண்ணும் வெர்னியர் அளவுகோலும் போதும். மண்ணெண்ணெயில் கழுவி, ஒரே இடத்து ஸ்டட்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் அது போக வேண்டியது. நடுவே இடுப்பு சிறுத்திருந்தால், மரை இழுபட்டிருந்தால், துரு குழிவிழுந்திருந்தால் அதுவும் போகட்டும். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். புது நட்டு விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். நட்டையும் வாஷரையும் மட்டும் கஞ்சத்தனம் பாராமல் மாற்றுங்கள். தேய்வது பெரும்பாலும் அவைதான்.

சில இன்ஜின்களில் ஸ்டட் ஊன்றியிருப்பது அலுமினியத்தில். நல்ல ஸ்டட்டைப் "புதுசு போடலாம்" என்று பிடுங்கினால் அலுமினிய மரையும் கூடவே வரும், பிறகு ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் செருகும் கம்பிச்சுருள்) செலவு வண்டிக்காரன் தலையில். அசையாத ஸ்டட்டை அசைக்காதீர்கள்.

முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இதெல்லாம் வீண் பேச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகிறது, மிச்சம் உரசலுக்கே போய்விடும். துருப்பிடித்த மரையும் எண்ணெய் தொட்ட மரையும் ஒரே முறுக்கில் ஒரே பிடி பிடிக்காது. அதனால் மரையைச் சுத்தம் செய்து, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறிய பிறகு மறுபடி பாருங்கள்.

கேட்பது ஒன்றுதான். ஸ்டட் மாற்றினால் ஏன் மாற்றினீர்கள், புதியது என்ன தரம் என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். கழற்றிய பழையதை ஒரு பையில் போட்டு வண்டிக்காரன் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரும்பு பேரல் புல்லட் வைத்திருக்கும் ஒருவன்