மரத்தை வெட்டினால் டிங்கி போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் பாலைவனச் சோலைகளில் காட்டுப் பறவைகள் சுமக்கும் கொசு வைரஸ்கள் பற்றிக் கட்டுரை வந்தது. விஷயம் நல்லதுதான். ஆனால் கடைசி வரியில், பறவைகள் கூடும் இடத்தில் குடியிருப்போர் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்திலேயே நம் ஊர் வயலில் நிற்கும் கொக்கின் படத்தையும் போட்டுவிட்டீர்கள்.

அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். திடல் ஓரத்து அங்சானா மரத்தில் கொக்கும் வக்காவும் அடைவதால்தான் டிங்கி (டெங்கு) காய்ச்சல் வருகிறது, மரத்தை வெட்ட மனுப் போடுவோம் என்றார். நான் மறுத்தேன். "பேப்பர்லயே போட்டிருக்கு அங்கிள்" என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். கொசு ஒழிப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். வீடு வீடாக ஏறி, பூச்சட்டித் தட்டிலும் கூரைத் தகரத்திலும் புழு தேடியவன். அந்த அனுபவம் உங்கள் படத்தின் முன் எடுபடவில்லை.

டிங்கிக்குப் பறவை தேவையே இல்லை. ஏடிஸ் கொசு காய்ச்சல்காரரைக் கடிக்கும், அப்புறம் அடுத்த வீட்டுக்காரரைக் கடிக்கும், அவ்வளவுதான். உங்கள் கட்டுரை பேசியது 1937இல் உகாண்டாவில் முதலில் கண்டறியப்பட்ட மேற்கு நைல் வைரஸ் பற்றி. அது கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசுவின் வேலை. பாலைவனத்தில் வலசைப் பறவை இறங்க வேறு தண்ணீர் ஏது? பேரீச்சந்தோப்பு, வாய்க்கால், ஆடு மாடு, மனிதர், கொசு எல்லாமே சோலைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. 1994இல் அல்ஜீரியாவின் திமிமூன் சோலையில் குழந்தைகள் செத்தது இந்த நோயால்தான். 1998இல் இஸ்ரேலின் ஐலாட்டில் இறங்கிய செங்கால் நாரைகளிடமும் இதே வைரஸ் இருந்தது. அந்த நாரைகள் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகிறவை, பினாங்கு அவற்றின் வழியிலேயே இல்லை. பறவையின் இரத்தத்தில் கிருமி பெருகி இருப்பதும் சில நாட்கள்தான். 1999இல் நியூயார்க்கில் காகங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. இந்த நோயில் பறவைக்கும் உயிர் போகிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

கொக்குக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி கொக்கிலும் பன்றியிலும் பெருகுகிறது, வயல் கொசு அதை நம்மிடம் கொண்டு வருகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

அவசரமாக ஒரு குற்றவாளியைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நம் மலேசியா 1998, 1999இல் பார்த்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பி ஊரெங்கும் புகையடித்தோம், தடுப்பூசி போட்டோம். ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அது பன்றியிடமிருந்து தொற்றும் நிப்பா வைரஸ், கொசுவால் வருவதே இல்லை என்று தெரிந்தது. 105 பேர் போய்விட்டார்கள். அந்தப் புகைக்குள் நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

எங்கள் தாமானுக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் அடித்தளக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. புகார் கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டேன். என் மருமகள் டிங்கியில் படுத்து, இரத்தத் தட்டணுக்கள் இறங்கி, பேரப்பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றபோதும் அந்தக் குழியை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அது பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் நீங்கள் வெளியிடவில்லை. இடப் பற்றாக்குறை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சரி, ஏற்றுக்கொண்டேன். ஆனால் கொக்குப் படத்துக்கு அரைப் பக்கம் இருந்ததே ஐயா!

முன்பு நம் ஊர்களில் காகத்தைச் சுட்டார்கள், இப்போது கொக்கு. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன வைப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகத்தைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள்தான். குப்பையைத் திறந்து போட்டு அதைப் பெருக்கியதும் மனிதர்கள்தான்.

நான் கேட்பது சிறிய உதவி. மனு அடுத்த மாதக் கூட்டத்தில் கையெழுத்தாகும். அதற்கு முன் வரும் ஒரு ஞாயிறு மலரில், டிங்கி பறவைகளால் பரவுவதில்லை என்று இரண்டு வரி போடுங்கள். கொக்குப் படம் வந்த அதே பக்கத்தில் வந்தால் நல்லது. வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் காட்டுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு