கிளாம்ப் போல்ட்டுக்குப் பதிலாகக் கன்ட்ரோலர்: பொக்லைன் சர்வீஸ் குறித்த புகார்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளர் மற்றும் ஆப்பரேட்டர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
சர்வீஸ் மேலாளர் அவர்கள்,
ஓசூர் கிளை.

பொருள்: பொக்லைன் இயந்திரத்தில் வந்த மின்சுற்றுப் பிழைக் குறியீடுகளை முறையாகப் பரிசோதிக்காமல் சென்சார்களையும் எஞ்சின் கன்ட்ரோலரையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மாற்றியது – தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் வாங்கி, அன்று முதல் தங்களிடமே சர்வீஸ் விட்டுவரும் எனது 20 டன் செயின் வண்டியை (பொக்லைனை) நானே ஓட்டி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, இராயக்கோட்டை சுற்றுவட்டாரங்களில் நிலம் திருத்துவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, மாந்தோப்புக்குக் குழி எடுப்பது ஆகிய வேலைகளை மணிக்கணக்கு வாடகைக்குச் செய்து பிழைத்து வருகிறேன். ஆடிப்பட்டத்துக்கு முன்பாக நிலத்தைத் திருத்திக்கொள்ள விவசாயிகள் அவசரப்படும் காலத்தில் இந்த வண்டி நின்றுபோனது குறித்தும், அதைச் சரிசெய்வதாகச் சொல்லித் தங்கள் பணியாளர்கள் நடந்துகொண்ட முறை குறித்தும் எழுத்துமூலமாகத் தெரிவிக்கவே இக்கடிதம்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பாறை கலந்த கரட்டு நிலத்தில் வண்டி குலுங்கிக்கொண்டு நகரும்போது மட்டும் மானிட்டரில் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் வேகம் தானாக இறங்கிவிடும். மண் நிறைந்த பக்கெட்டைத் தூக்கும் வலு இருக்காது. சாவியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் எதுவும் நடக்காததுபோல ஓடும். கோளாறு இருக்கும்போதே மானிட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தங்கள் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பினேன். அதில் எஸ்.பி.என். 100, எஸ்.பி.என். 102, எஸ்.பி.என். 3509 என மூன்று குறியீடுகள் ஒரே நேரத்தில் தெரிகின்றன. மூன்றுக்கும் பக்கத்தில் எஃப்.எம்.ஐ. 4 என்றே இருக்கிறது.

இந்த எண்களுக்குப் பொருள் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தங்கள் பணியாளர்கள் அதைக் கருத்தில் கொள்ளாததுதான் என் புகாரே என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. கனரக வண்டிகளின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜே1939 முறைப்படி எஸ்.பி.என். என்பது எந்த அளவீடு அல்லது எந்தச் சுற்று என்பதையும், எஃப்.எம்.ஐ. என்பது அதில் என்ன வகைக் கோளாறு என்பதையும் குறிக்கும். 100 எஞ்சின் ஆயில் அழுத்தம். 102 எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குப் பின் உள்ள காற்றழுத்தம். 3509 சென்சார்களுக்குக் கன்ட்ரோலர் அனுப்பும் மின்சாரம். எஃப்.எம்.ஐ. 4 என்றால் மின்னழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது, அல்லது வயர் எர்த்தில் படுகிறது என்று அர்த்தம். ஆயில் அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தால் வர வேண்டியது எஃப்.எம்.ஐ. 1. அப்படி எதுவும் வரவில்லை. ஆகவே கோளாறு ஆயிலிலும் இல்லை, டர்போவிலும் இல்லை, மின்சுற்றில் இருக்கிறது என்பது அந்தப் படத்திலேயே தெளிவாகியிருந்தது.

வண்டியின் பேட்டரி 24 வோல்ட்டாக இருந்தாலும் இந்தச் சென்சார்களுக்குக் கன்ட்ரோலர் தருவது 5 வோல்ட் மட்டுமே. அந்த 5 வோல்ட் ஒரே சுற்றிலிருந்து பிரிந்து பல சென்சார்களுக்குப் போகிறது. எங்கேயோ ஓரிடத்தில் அந்த வயர் பாடியில் பட்டுவிட்டால் அதை நம்பியிருக்கும் எல்லாச் சென்சார்களும் ஒன்றாகத் தவறான அளவைக் காட்டும். வீட்டில் எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் விளக்கு அணைந்தால் யாரும் பல்பு வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை, முதலில் மெயினைத்தான் பார்ப்பார்கள். 3509 என்ற குறியீடு மெயினைப் பார் என்றுதான் சொன்னது.

தங்கள் டெக்னீஷியன் வந்தபோது வண்டி தோப்பு நிழலில், எஞ்சின் ஆறிய நிலையில் நின்றது. லேப்டாப்பை இணைத்துப் பார்த்ததில் குறியீடுகள் நடப்பில் இல்லை, பழைய பதிவாக மட்டுமே இருந்தன. ஒவ்வொரு குறியீடும் எத்தனை முறை வந்தது என்ற விவரம் அந்தப் பதிவிலேயே இருந்தும், அதை ஒரு தாளில் குறிக்காமலும் எனக்குக் காட்டாமலும் முழுவதையும் அழித்துவிட்டு, “இப்போது ஒன்றும் இல்லை” என்று சொல்லிச் சென்றுவிட்டார். வேலை தொடங்கியதும் அதே குறியீடுகள் திரும்ப வந்தன. அடுத்து ஆயில் பிரஷர் சென்சாரையும், அதன் பின் டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சாரையும் மாற்றினார்கள். அதற்கும் கேட்காததால் எஞ்சின் கன்ட்ரோலரே போய்விட்டது என்று முடிவு கட்டி, அதையும் மாற்றி, மொத்தம் ரூ. 1,86,400-க்கு பில் போட்டார்கள். இவ்வளவு நடந்தும் மல்டிமீட்டரை எடுத்து எந்தக் கனெக்டரிலும் வைத்துப் பார்த்ததை நான் காணவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர்கள் பார்த்ததெல்லாம் லேப்டாப் திரை ஒன்றைத்தான்.

புதிய கன்ட்ரோலர் போட்டதும் வண்டி சில காலம் தொல்லையின்றி ஓடியது உண்மையே. பிறகு பாறை நிலத்தில் இறங்கியதும் அதே மூன்று குறியீடுகள் வந்தன. தங்கள் கிளையில் அப்போதைக்கு ஆள் இல்லை என்று சொல்லப்பட்டதால், கிருஷ்ணகிரியில் லாரி வயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தேன். அவரிடம் லேப்டாப் இல்லை. சாவியை ஆன் செய்து, ஆயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் மீட்டரை வைத்தார். அரை வோல்ட் கூட இல்லை. அந்தச் சுற்றில் உள்ள மற்றச் சென்சார்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார், மீட்டர் ஏறவில்லை. சென்சார்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பியிருக்க வேண்டும் என்றும், திரும்பாததால் வயரில்தான் கோளாறு என்றும் விளக்கினார். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஹார்னஸை (வயர்க் கட்டை) ஓரோர் இடமாகக் கையால் அசைத்து வந்தபோது, ஹைட்ராலிக் பம்புக்கு மேலே உள்ள இரும்பு பிராக்கெட் அருகில் மீட்டர் சட்டென்று 5-க்குத் தாவியது.

அங்கே ஹார்னஸைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்பின் போல்ட் இல்லை. தொங்கிய ஹார்னஸ் பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி, மேலே உள்ள கறுப்பு நெளிகுழாய் தேய்ந்து, உள்ளே ஒரு வயரின் செம்பு வெளியே தெரிந்தது. உரசிய இடத்தில் பிராக்கெட்டின் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. அவர் ஹார்னஸைப் பழையபடி பிராக்கெட்டில் படவிட்டு, பேட்டரியைக் கழற்றி, அந்த வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம்ஸ் பார்த்தபோது கிட்டத்தட்ட சுழியம் காட்டியது. தேய்ந்த துண்டை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள வயரைச் சேர்த்து, உறை போட்டு, கிளாம்புக்குப் புதிய போல்ட் போட்டுக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலியை இங்கே எழுதினால் தங்கள் பில்லுக்குப் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கும். அன்று முதல் அந்தக் குறியீடுகள் வரவில்லை.

இதைத் தங்கள் கிளையில் நேரில் தெரிவித்தபோது, கன்ட்ரோலரை மாற்றிய பின் வண்டி ஓடியதால் பழைய கன்ட்ரோலரிலும் கோளாறு இருந்தது உறுதி என்றும், மின் பாகங்கள் விற்றபின் திரும்பப் பெறப்படமாட்டா என்றும், வெளியாள் கைவைத்ததால் வாரன்டி குறித்து இனிப் பேச முடியாது என்றும் பதில் தந்தார்கள். கன்ட்ரோலரை மாற்றும்போது ஹார்னஸை இழுத்து நகர்த்தாமல் இருக்க முடியாது. அப்போது வயர் பிராக்கெட்டை விட்டுச் சற்று விலகியது, குலுங்கக் குலுங்கத் திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தது என்பதே பொருந்தும் விளக்கம். வெளியாள் தொட்டதெல்லாம் தேய்ந்துபோன வயரைத்தான். அதற்கு முன்னரே தங்கள் ஆட்கள் மாற்றிய பாகங்களின் விலைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தவிரவும், குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு ஒருமுறை நடக்கும் ஒவ்வொரு சர்வீஸிலும் தங்கள் சரிபார்ப்புத் தாளில் ‘வயரிங், கிளாம்ப்’ என்ற வரிக்கு நேராக டிக் அடித்துக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்.

எனவே இரண்டு சென்சார்களுக்கும் கன்ட்ரோலருக்கும் அவற்றைப் பொருத்திய கூலிக்கும் நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கோருகிறேன். பழைய கன்ட்ரோலர் பழுதாகத்தான் இருந்தது என்று தாங்கள் உறுதியாகக் கருதினால், அதை எவ்வாறு பரிசோதித்தீர்கள், எந்தப் பின்னில் என்ன அளவு வந்தது என்பதை எழுத்தில் தருவதோடு, தங்களிடமே உள்ள அந்தக் கன்ட்ரோலரையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். டெக்னீஷியன் அழிப்பதற்கு முன் லேப்டாப்பில் சேமித்த அறிக்கை ஏதேனும் இருந்தால் அதன் நகலும் தேவை. இதே மாடல் வண்டிகள் நம் மாவட்டத்துக் கல் குவாரிகளிலும் ஓடுகின்றன. அங்குள்ள அதிர்வு என் வேலையைவிடப் பல மடங்கு என்பதால், பம்புக்கு மேலுள்ள அந்தக் கிளாம்பை அவற்றிலும் பார்க்கச் சொல்வது நல்லது.

சுயதொழிலாக நானே ஓட்டிப் பிழைக்கும் வண்டி என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் நுகர்வோர் ஆவேன் என்பதையும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலையும் தொகையையும் எதிர்பார்க்கிறேன். பில் நகல்கள், மானிட்டர் படம், தேய்ந்த வயரின் படங்கள், சரிபார்ப்புத் தாளின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். வெட்டி எடுத்த வயர்த் துண்டு என்னிடம் உள்ளது, தங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வண்டி உரிமையாளர்